கடன்பட்டவரே சாட்சி கேட்கலாமா?

இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து, ரங்கூன் சிறையில் அடைபட்ட ஒருவர், 1980இல் தமிழக அரசிடம் தியாகி ஓய்வூதியம் கேட்டு மனுக் கொடுத்தார். அதை வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. ரவிச்சந்திரபாபு உத்தரவிட்டது 2017இல். அப்போது மனுதாரருக்கு வயது 89. மனுவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே 37 ஆண்டுகள். இதைத் தாமதம் என்று சொல்லிக் கடந்துபோவது தகாது. நன்றி மறந்த குற்றம் என்பதே இதற்குப் பெயர்.

விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சுதந்திர வெள்ளி விழாவான 1972 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தியாகிகள் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1980 ஆகஸ்டில் வருமான வரம்பை நீக்கி, கௌரவ ஓய்வூதியம் என்று பெயரையும் மாற்றியது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும். சிறை ஆவணம் கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவர்களின் சான்று வேண்டும். மாநில அரசுகளின் திட்டங்களிலும் ஆதாரம் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே தெரியும்.

ஆனால் நேதாஜியின் படையில் சேர்ந்தவர்கள் யார்? 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற சுபாஷ் சந்திர போஸின் அழைப்பைக் கேட்டு, மலாயாவின் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பிறந்த தேதிக்கே காகிதம் இல்லாதவர்கள். அந்தப் படை இம்பாலில் தோற்றது, பர்மா வழியே பின்வாங்கியது, 1945இல் கலைந்தது. அதன் ஏடுகளைப் பத்திரப்படுத்தி வைக்க ஓர் அலுவலகம் மிஞ்சவில்லை. சாட்சி சொல்லக்கூடிய தோழர்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போனது. கோப்பு ஒரு மேசையில் ஐந்தாண்டு கிடந்தால் ஒரு சாட்சி இறந்துபோகிறார். அடுத்த மேசையில் இன்னொருவர். கடைசியில் அதே மேசையிலிருந்து பதில் வருகிறது, போதிய சான்று இல்லை என்று. சான்றை அழித்தது யார்? காலம் என்பார்கள். அந்தக் காலத்தைக் கடத்தியவர்கள் யார்?

மத்திய அரசு ஓய்வூதியர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பணியில் சேர்ந்ததை அவர்களே நிரூபிக்க வேண்டியதில்லை. பணிப்பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தால் போதும். எண்பது கடந்தோர் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இந்த ஏற்பாடு சரியானதே. ஓய்வூதியம் அரசு இரங்கிப் போடும் பிச்சை ஆகாது, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் சொன்னது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் அதை மீண்டும் உறுதிசெய்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அலுவலகமே இல்லாமல் போன படையின் வீரனுக்குப் பதிவேட்டைத் தேடிக் கொடுக்க வேண்டியவர் யார்? அவன் பெற்றுத் தந்த சுதந்திரத்தை அனுபவிக்கிற அரசுதான்.

தமிழ் மரபு இதில் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒரு வீரன் உருவாவதற்கான கடமைகளைத் தாய், தந்தை, கொல்லன் என்று பங்கிட்டுத் தருகிறார். வேந்தனுக்கும் அதில் ஒரு கடன் உண்டு. போரில் மாண்டவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. கல்லோடும் விடவில்லை, மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அந்த வீட்டுப் பெண் இரண்டு சாட்சிகளோடு அரண்மனை வாசலில் நின்றதாக எங்கும் இல்லை. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, எந்த அறத்தைக் கொன்றவனுக்கும் உய்வு உண்டு, நன்றியைக் கொன்றவனுக்கு இல்லை என்கிறார். பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுகூட நாவுக்கு இழிவு என்கிறார் இரவச்சத்தில். எளிதில் காண முடியாதவனாய், ஆராயாதவனாய், முறை செய்யாதவனாய் இருக்கிற மன்னன் தானே கெடுவான் என்கிறார் செங்கோன்மையில். அந்த மூன்று குறையும் ஒரே கோப்பில் கூடிவிட்டதை எண்ண நெஞ்சு கொதிக்கிறது.

பொதுப்பணம் போலிகளின் கைக்குப் போய்விடக்கூடாது என்ற கவலையும் மெய்யானதுதான். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் போலித் தியாகிகள் கிளம்பி, விவகாரம் விசாரணை ஆணையம், உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் போலியைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. போலிக்கு அஞ்சி மெய்யான வீரனைப் பட்டினி போடச் சட்டம் இல்லை. தியாகி ஓய்வூதியத்தை உரிய தேதிக்குள் கேட்கவில்லை என்று மறுப்பது அரசுக்கு அழகல்ல என 1993இல் முகுந்த் லால் பண்டாரி வழக்கிலும், குற்ற வழக்குபோல் கடும் ஆதாரம் கேட்கக்கூடாது என 2001இல் குர்தியால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்தவர்களின் கதை வேறு. போர் முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டுப் பணி வேண்டும் என்பது ராணுவ விதி. நான்கைந்து ஆண்டு போர்முனையில் நின்றவருக்கு அது எட்டாது. முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாகத் தமிழக அரசு தரும் மாத உதவித்தொகைதான் அவர்களுக்கு ஆறுதல்.

இரு படையினரிலும் இன்று தொண்ணூறைக் கடந்து உயிரோடிருப்போர் மிகச் சிலர். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் நிலுவையில் உள்ள தியாகி ஓய்வூதிய மனுக்களை எடுத்து, வட்டாட்சியரை அந்த முதியவரின் வீட்டுக்கே அனுப்பி, திண்ணையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதி வாங்கச் செய்ய வேண்டும். மனுக் கொடுத்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தொகை தர வேண்டும். அவர் மறைந்திருந்தால் மனைவிக்குத் தர வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் மனுவை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.