கேட்டவர் பட்ட கடன்

2025 ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமாவின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் 180க்கும் மேற்பட்டோர் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 2005இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா புயலின் இருபதாம் ஆண்டு நினைவு வாரம் அது. அந்தப் புயல் கற்பித்த பாடங்களை அரசு ஒவ்வொன்றாகக் கைகழுவி வருகிறது, அதே கதி மறுபடியும் நேரும் என்பதே கடிதத்தின் சாரம். பெரும்பாலோர் பெயரை மறைத்துக்கொண்டார்கள். துணிந்து பெயர் போட்டவர்களில் பலர் மறுநாளே பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள்.

வரப்போவதைச் சொல்லியாகிவிட்டது, அதற்குப் பின் பொறுப்பு யாருடையது? சொன்னவர் சொல்லிவிட்டார், கேட்டவர்கள் தப்பித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றொரு பேச்சு எப்போதும் உண்டு. அறம் அதை ஏற்காது. காக்கும் அதிகாரம் உள்ளவர் காதில் எச்சரிக்கை விழுந்த கணத்திலேயே அவர் கடன்பட்டவராகிறார். அதன்பின் அவர் கைகட்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் குற்றக் கணக்கில்தான் சேரும்.

கத்ரீனாவைப் போல முன்கூட்டியே சொல்லப்பட்ட பேரழிவு அரிது. 1965இல் பெட்ஸி புயல் நியூ ஆர்லியன்ஸின் தாழ்வான வட்டாரங்களை மூழ்கடித்தபோது, கூரையடிப் பரணுக்கு ஏறியவர்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து அங்கே பல வீடுகளில் பரணில் ஒரு கோடாலி கிடக்கும். தண்ணீர் ஏறினால் உள்ளிருந்தே கூரையை வெட்டிக்கொண்டு வெளியே வர. குடிமக்கள் தம் கைக்கு எட்டிய அளவில் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஆட்சியாளர் கைக்கு எட்டியது எவ்வளவோ அதிகம். 2002 ஜூனில் உள்ளூர் நாளிதழான டைம்ஸ்-பிக்கயூன், நகரம் எப்படி மூழ்கும் என்று ஐந்து பகுதிகளாக எழுதியது. 2004 ஜூலையில் ஃபீமாவே ‘பாம்’ என்ற கற்பனைப் புயலை வைத்து ஓர் ஒத்திகை நடத்தியது. அறுபதாயிரம் பேர் சாகலாம் என்றது அதன் கணக்கு. தொடர்ந்து செய்ய வேண்டிய வேலைகளோ பணமில்லை என்று தள்ளிப்போயின. 2005 ஆகஸ்ட் 27 சனிக்கிழமை இரவு, தேசியப் புயல் மையத்தின் இயக்குநர் மேக்ஸ் மேஃபீல்ட் லூசியானா மாநில ஆளுநர் கேத்லீன் பிளாங்கோவையும் நகர மேயர் ரே நேகினையும் தாமே தொலைபேசியில் அழைத்தார். மறுநாள் காலை வானிலை அலுவலகத்தின் அறிக்கை, வட்டாரத்தின் பெரும்பகுதி பல வாரங்களுக்குக் குடியிருக்க முடியாதபடி ஆகும், தண்ணீர்ப் பஞ்சத்தால் இக்காலம் காணாத துன்பம் நேரும் என்று சொன்னது. வானிலை அறிக்கையில் இத்தகைய மொழி வருவதில்லை. கட்டாய வெளியேற்ற ஆணை அன்று காலைதான் பிறந்தது. புயல் கரையைக் கடக்க ஒரு நாள்கூட இல்லை.

வருவதற்கு முன்பே காத்துக்கொள்ளாத அரசனுக்கு வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் தருவது தீயின் முன் கிடக்கும் வைக்கோலின் கதி. புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் இன்னும் கடுமையாகப் பேசுகிறார்: மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் பழிப்பது அரசனைத்தான். மன்னனின் வெண்கொற்றக் குடை வெயில் மறைக்கப் பிடித்ததல்ல, வருந்தும் குடிகளுக்கு நிழலாக என்றும் அதே பாட்டில் சொல்கிறார். புகாரைக் கடல்கொண்ட கதையைச் சொல்லும் மணிமேகலையும் கடலின் மேல் பழிபோடவில்லை. மகனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறந்த மன்னனிடமே அதன் காரணத்தைக் கொண்டுபோய் வைக்கிறது.

‘வெளியேறுங்கள்’ என்ற ஆணையை யாருக்குச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும். நகரில் ஒரு லட்சம் பேர் அளவுக்குக் கார் இல்லாதவர்கள். அது மாதக் கடைசி. முதல் தேதி வரும் உதவித்தொகையை நம்பி வாழ்பவர்கள் கையில் பெட்ரோலுக்கோ விடுதி வாடகைக்கோ காசில்லை. பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நின்ற இடத்திலேயே மூழ்கிக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். நடக்க முடியாதவரைப் பார்த்து ‘ஓடு’ என்று சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைப்பவர் எந்த அற நூலைப் படித்தவர்?

மறுபக்கமும் உண்டு. கத்ரீனாவுக்கு முந்தைய ஆண்டு ஐவன் புயலுக்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் கிளம்பி, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நின்று, புயல் வேறு பக்கம் திரும்பிப்போக, அலுத்துத் திரும்பினார்கள். வசதியிருந்தும் வீம்பாகத் தங்கியவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். தன்னுயிரைக் காப்பது தன் கடமையும்தான். ஆனால் அந்தச் சிலரைக் காட்டி மற்ற அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

மன்னன் அறிவுரையைத் தள்ளினாலும், அவனே அறியாதவனாக இருந்தாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது அமைச்சன் கடன் என்கிறது குறள். இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றும் சொல்கிறது. அப்படி எடுத்துச் சொல்ல வேண்டிய ஃபீமாவின் தலைமையில் கத்ரீனாவின்போது இருந்த மைக்கேல் பிரவுன், அங்கே வருமுன் அராபியக் குதிரைச் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர். புயல் அடித்த இரண்டே வாரங்களில் பதவி விலகினார். பேரிடர் மேலாண்மை தெரிந்தவரே அந்த நாற்காலியில் அமர வேண்டும் என்று 2006இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் மீறப்படுகிறது என்பதும் 2025 கடிதத்தின் புகார்களில் ஒன்று. இடித்துரைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் ஆட்சி, வள்ளுவர் சொன்ன அந்த மன்னனின் இடத்தில்தான் நிற்கிறது; சட்டப் புத்தகம் கையில் இருப்பதால் அந்த இடம் மாறிவிடாது.

நகரின் எண்பது சதவீதத்தை மூழ்கடித்ததைப் புயலின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. 17ஆம் தெருக் கால்வாயின் தடுப்புச் சுவர், தான் தாங்க வேண்டிய மட்டத்துக்குத் தண்ணீர் ஏறும் முன்பே சாய்ந்தது. கட்டிய ராணுவப் பொறியாளர் படையின் தலைவர் 2006இல் வடிவமைப்புக் குறையை ஒப்புக்கொண்டார். புனித பெர்னார்ட் வட்டாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 35 பேர் மூழ்கி இறந்ததற்கு அதன் உரிமையாளர்கள் நீதிமன்றம் ஏறினார்கள், ஜூரிகள் விடுவித்தார்கள். சுவரைக் கட்டியவர்கள் மேல் மக்கள் தொடுத்த வழக்கை 2008 ஜனவரியில் கூட்டாட்சி நீதிபதி ஸ்டான்வுட் டுவால் தள்ளுபடி செய்தார். படையின் குறைகளைக் கடுமையாகச் சாடியபடியேதான் தள்ளினார், வேறு வழியில்லை. வெள்ளச் சேதத்துக்கு அரசு பொறுப்பாகாது என்று 1928ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதை இன்றுவரை யாரும் நீக்கவில்லை.