பிள்ளையின் இரகசியம் யாருக்குச் சொந்தம்?

பல்கலைக்கழகத்திற்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பெற்றாரே, இப்படி ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

மன்னாரிலிருந்து பேராதனைக்குப் படிக்கப் போன மகன் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் வீடு வரவில்லை. தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகின்றான். அவன் உளவளத்துணையாளர் ஒருவரிடம் போய்வருவதை அறைத்தோழன் மூலம் தாய் அறிகின்றாள். பதறியடித்துப் பஸ் ஏறிப் போய், "என் பிள்ளைக்கு என்ன? உங்களிடம் என்ன சொன்னான்?" என்று கேட்கின்றாள். "அதை அவரிடமே கேளுங்கள், அம்மா" என்பதே பதில். தாய் மனம் நொந்து திரும்புகின்றாள்.

உளவளத்துணையாளர் செய்தது சரியா?

பெற்று வளர்த்து, கடன்பட்டுப் படிப்பிக்கும் தாய்க்கு மறைக்க இவர் யார் என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின், இந்நாட்டில் 18 வயது நிரம்பியவர் பராயமடைந்தவர் என்று பதில் சொல்லலாம். ஆனால் தாயின் கண்ணீருக்குச் சட்டம் பதிலாகாது. அன்பையே அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம்.

அயலவர் ஒருவர் தம் நகைப் பெட்டியை உங்களை நம்பித் தந்துவிட்டுப் போகின்றார். அவருடைய தாயே வந்து கேட்டாலும் அதைத் திறந்து காட்டுவீர்களா? ஒருவன் நம்பிச் சொன்ன துயரமும் அத்தகைய அடைக்கலப் பொருளே. கேட்டவர் அதைக் காப்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். அது ஒருமுறை வெளியே போனால், அந்த மாணவன் மீண்டும் வாய் திறக்கமாட்டான். அவனைப் பார்த்து அடுத்த மாணவன் அவ்வாசற்படியையே மிதிக்கமாட்டான்.

எமது தாய்த் திருச்சபைக்கு இது புதிய பாடமல்ல. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 240ஆம் இலக்கத்தில் ஒரு விதி கூறுகின்றது. குருமாணவன் ஒருவனைக் குருப்பட்டத்திற்கு ஏற்பதா, குருமடத்திலிருந்து விலக்குவதா என்று தீர்மானிக்கும்போது, அவனுடைய ஆன்ம வழிகாட்டியிடமோ, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவரிடமோ அபிப்பிராயம் கேட்கவே கூடாது. உள்ளத்தைத் திறப்பதால் தனக்குக் கேடு வரும் என்ற அச்சம் அவனுக்கு இருக்கலாகாது.

எமது பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களே மாணவ ஆலோசகர்களாகவும் நியமிக்கப்படுவதுண்டு. அவர்கள் எவ்வளவு நல்லவர்களாயினும், ஆலோசகராகக் கேட்டதைப் புள்ளி வழங்கும் மேசைக்கோ, ஒழுக்காற்று விசாரணைக்கோ எடுத்துச் செல்லலாகாது.

அப்படியாயின் எல்லையே இல்லையா? உண்டு. பாவசங்கீர்த்தன இரகசியத்தை எக்காரணங்கொண்டும் குருவானவர் வெளியிட முடியாது. உளவளத்துணையாளரின் கடமை அதனின்றும் வேறுபட்டது. மாணவன் தன் உயிரை மாய்க்க எண்ணும்போதும், பிறருடைய உயிருக்கு ஆபத்து நேரும்போதும் அவர் வாய் திறந்தேயாக வேண்டும். அப்போதும் காப்பாற்றத் தேவையானதை மட்டும், தேவையானவருக்கு மட்டும், இயன்றவரை அம்மாணவனுக்கு அறிவித்தே சொல்லவேண்டும். இந்த எல்லையை முதல் நாளிலேயே அவனுக்குச் சொல்லிவைப்பது நேர்மை.

அந்தத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பது உளவளத்துணையாளரின் நோக்கமன்று. பகிடிவதையில் பட்ட அவமானத்தையும், பரீட்சையில் கண்ட தோல்வியையும், தான் விரும்பாத துறையில் படிக்கும் வேதனையையும் வீட்டில் சொல்லத் துணிவு தருவதே நல்ல உளவளத்துணையாளரின் பணி. அவர் தாமே சொல்லிவிட்டால், அத்துணிவு வளர்வதற்கு இடமெங்கே?

பன்னிரண்டு வயது இயேசுவை மூன்றாம் நாள் ஆலயத்தில் கண்ட மரியாளையும் சூசையப்பரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மகன் தந்த விடை அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா நற்செய்தி சொல்கின்றது. விளங்காததை அன்னை தம் உள்ளத்தில் வைத்துப் பேணினார். மகனும் அவர்களோடு வீடு திரும்பினார். எல்லாம் அறிந்துகொண்ட பின்தான் அன்பு செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே, பெற்றாரே, பிள்ளை உளவளத்துணையாளரிடம் போனால் "விசர் என்று ஊர் கதைக்குமே" என்று கூசாதீர்கள். உதவி தேடத் தெரிந்த பிள்ளை என்று ஆறுதலடையுங்கள். "என்ன சொன்னாய்?" என்று துருவாதீர்கள், "சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா?" என்று கேளுங்கள். உயிராபத்தின் அறிகுறி தென்பட்டால் மட்டும் ஒரு கணமும் தாமதியாதீர்கள். உளவளத்துணையாளரிடம் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

தோல்வியோடு வந்தாலும் ஏசாமல் ஏற்கும் வீடு என்று பிள்ளை அறியட்டும். வேறொருவரிடம் சொன்னதை ஒருநாள் உங்களிடமும் சொல்வான்.