தோற்றவர் சொல்லும் ஏட்டில்

ஹனுக்கா பண்டிகையில் யூதர்கள் எட்டு நாள் விளக்கேற்றுவார்கள். முதல் நாள் எட்டு விளக்கு, பிறகு தினம் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது பண்டைய யூத அறிஞர் ஷம்மாயின் பள்ளி. ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றது இன்னொரு அறிஞரான ஹில்லேலின் பள்ளி. இன்று வீடுகளில் நடப்பது ஹில்லேல் தரப்பு சொன்னபடிதான். ஆனாலும் ஷம்மாய் தரப்பின் வாதத்தை, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் அழிக்காமல் வைத்திருக்கிறது. பின்னாளில் வரும் நீதிமன்றம் ஒன்றுக்குச் சிறுபான்மைக் கருத்து ஆதாரமாகலாம் என்கிறது, சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா. (வென்றவர் மட்டுமே வரலாறு எழுதுவார் என்போர் கவனிக்க!) ஹில்லேல் தரப்பு வென்றதற்குத் தல்மூத் தரும் காரணம் இன்னும் சுவையானது. அவர்கள் பணிவானவர்களாம், எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தம்முடையதைச் சொல்வார்களாம்.