மறைக்கப்பட்ட மகிழ்ச்சி

பொய் கூறல் தீதென்பதில் அறநூலார் பெரும்பாலும் ஒருமுகப்பட்டவர். ஆயினும் அவர்கள் எடுத்துக்காட்டும் பொய்கள் பொதுவாக இருவகையினவாகவே அமைந்துவிடுகின்றன. ஒருவன் தன் குற்றத்தை மறைத்துக் கூறுவது ஒன்று. தன்னிடம் இல்லாத பெருமையை உண்டெனக் காட்டுவது மற்றொன்று. தனக்கு உண்மையாகவே வாய்த்த மகிழ்ச்சியை, அதுவும் தன்னை ஈன்ற தாயிடத்திலே, இல்லையென மறைக்கின்ற ஒருவனை இவற்றுள் எவ்வகையிற் சேர்ப்பது? அவன் செய்வது தன்னடக்கமா, பொய்யா, அன்றிக் கருணையா? யாழ்ப்பாணத்திலே புலம்பெயர்ந்த உறவினர் எவருமில்லாத வீடு அரிது. ஆதலின் எங்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று.

நான் நன்கறிந்த ஒரு வீட்டிலிருந்து தொடங்குகின்றேன். அது எங்கள் வீடே. மருதனார்மடச் சந்தியிற் சந்தையின் இரைச்சல் ஓய்ந்த பின்னர், இராமநாதன் கல்லூரிப் பக்கமிருந்து மிருதங்கம் பயிலும் ஓசை காற்றோடு வந்து கேட்கும் தூரத்தில் அவ்வீடு உள்ளது. 1913 ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய அக்கல்லூரியிற் சில ஆண்டுகள் கற்றவர் என் அம்மம்மா. அவருடைய ஒரே மகனாகிய என் மாமா 1989 ஆம் ஆண்டிற் கனடாவுக்குச் சென்றார். அவரை அனுப்புவதற்காக அம்மம்மா தம் தாலிக்கொடியை விற்றார். வெங்காயம் விளைந்த தோட்டக்காணியை ஈடு வைத்தார். இவ்விரண்டையும் இக்கட்டுரையின் இறுதிவரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

மாமா ஸ்காபரோவில் வாழ்கிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய அழைப்பு வரும். அங்கே அப்போது சனி இரவு எட்டரை மணி, கோடையாயின் ஒன்பதரை. இத்தனை ஆண்டுகளாக அவ்வுரையாடல் ஏறக்குறைய ஒரே வடிவினதாகவே இருந்து வந்தது. "என்னப்பு, எப்பிடி இருக்கிறாய்?" என்று அம்மம்மா கேட்பார். "சரியான குளிர் அம்மா. வேலையும் வீடுந்தான்" என்பார் மாமா. குளிர் என்றால் அம்மம்மாவுக்குத் தெரிந்தது மார்கழிப் பனி. திருவெம்பாவைக் காலத்து விடியலிலே தலையிற் சேலையைப் போர்த்துக்கொண்டு கோயிலுக்குப் போகும் குளிர். பூச்சியத்திற்குக் கீழே பத்துப் பாகை, பதினைந்து பாகை எனும்போது அவர் மனத்தில் எழுந்த காட்சி யாதென்பதை நான் வெகுகாலம் அறிந்திலேன். பின்னர் ஒருநாள் அவரே சொன்னார். வெளிச்சமில்லாத ஓர் அறையில், போர்வைக்குள் முடங்கி, தனியே பாண் தின்னும் ஒருவனைத்தான் அவர் கண்டிருக்கிறார். மாமாவுக்கு மனைவி வந்து, இரு பெண்மக்கள் பிறந்து, அவர்கள் பல்கலைக்கழகமும் சென்ற பின்னருங்கூட அம்மம்மாவின் மனத்தில் அந்த அறைக்கு விளக்கு ஏற்றப்படவில்லை.

மாமா மறைத்ததற்குத் தொடக்கத்தில் நியாயம் இருந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின் குடாநாட்டுக்கு மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதொழிந்தன. மண்ணெண்ணெயைத் துளித்துளியாகச் செலவிட்டு, ஜாம் போத்தலில் பஞ்சுத்திரி இட்டு எரித்த காலம் அது. சவர்க்காரத்துக்கும் மின்கலத்துக்கும் தடை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. எங்கள் வீட்டாரும் நடந்தனர். அந்நாளில், பிள்ளைக்குப் பனிச்சறுக்குப் பலகை வாங்கினேன் என்று ஒருவன் தன் தாய்க்கு எழுதுவானாயின் அவனை நாம் என்னென்போம்? அன்றைய மௌனம் மரியாதையின் பாற்பட்டது. அதனை நான் குறைகூறேன்.

ஆனால் மௌனம் மெல்ல மெல்லப் பழக்கமாயிற்று. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீற்றர் சிங்கர், கிழக்கு வங்காள அகதிகளின் பட்டினியை மனத்திற்கொண்டு எழுதி 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் எமது விரிவுரைகளிற் பேசப்படுவது. ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றும்போது எனது உடை சேறாகும் என எவரும் தயங்கார். அவ்வாறாயின் தொலைவிலே பசித்திருப்போர் பொருட்டு எமது அற்பச் செலவுகளையும் நாம் துறத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். தூரம் கடமையைக் குறைப்பதில்லை என அவர் கூறினார். சிங்கரை ஒருபோதும் படித்திராத என் மாமா அவ்வாதத்தின்படியே வாழ்ந்தார். ஒரு குவளைக் கோப்பியின் விலையையும் இலங்கைக் காசிற் பெருக்கிப் பார்த்தே குடிப்பார் என மாமி சிரித்துக்கொண்டு கூறுவதுண்டு. பெருக்கிப் பார்த்தபின் எந்தக் கோப்பிதான் இனிக்கும்? குடிப்பதை நிறுத்தவும் முடியாது, குடித்ததைச் சொல்லவும் முடியாது என்ற நிலையில் மனிதன் ஒளிந்து மகிழ்பவனாகி விடுகிறான். தன் வீட்டில், தன் உழைப்பில், தன் பிள்ளைகளோடு மகிழ்வதனையே களவுபோல் ஆக்கிக்கொள்கிறான்.

இங்கிருந்த நாமும் இதற்கு உடந்தை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். வெளிநாட்டிலிருப்போருக்கு எம்மவர் அனுப்பும் செய்திகளிற் கூரை ஒழுகும், கிணறு தூர்ந்துபோகும், எவருக்கேனும் சத்திரசிகிச்சை நிகழவிருக்கும். இவை பொய்யல்ல. ஆயினும் கூரை ஒழுகிய அதே வாரத்தில் மாமரம் காய்த்ததையும், தம்பி துடுப்பாட்டத்தில் வென்று வந்ததையும் எவரும் சொல்வதில்லை. அவர்கள் குளிரைச் சொன்னார்கள், நாம் குறையைச் சொன்னோம். இரு கரையிலும் துயரமே செல்லுபடியாகும் நாணயமாயிற்று. பணம் கேட்கப்படுமோ என்ற அச்சத்தில் அவர்கள் குளிரைக் கேடயமாகப் பிடித்ததும் உண்டு. ஆனால் எங்கள் மாமா அத்தகையவரல்லர். ஈடு வைத்த காணியை ஆறாண்டுக்குள் மீட்டவர் அவரே.

ஈண்டு ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. புலம்பெயர்ந்தோர் எதையும் காட்டாதவர்களல்லர். சாமத்தியச் சடங்கு, திருமணம், புதுமனை புகுதல் ஆகியவற்றின் ஒளிப்பதிவுகளும் தடித்த படத்தொகுப்புகளும் எம் வீடுகளை நிறைத்துள்ளன. எங்கள் அலுமாரியிலும் மூன்று தொகுப்புகள் உள. அவற்றிலே மாமா கோட்டு அணிந்து, சிரிக்காமல், மண்டபத்தின் நடுவே நிற்கிறார். பெருவிழாவைக் காட்டலாம், அது குடும்பத்தின் மானத்தைச் சேர்ந்தது, கடமையாகச் செய்யப்படுவது. சிறு மகிழ்ச்சியைக் காட்டுதல்தான் கூசுகின்றது. ஏனெனில் விழா 'எம்மிடம் பொருளுண்டு' என்று மாத்திரமே சொல்கிறது. ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை மாலையின் சிரிப்போ, 'நாங்கள் இங்கே, நீங்கள் இல்லாமலே, நன்றாக இருக்கிறோம்' என்று சொல்லிவிடும். மாமா சொல்ல அஞ்சியது இதுவே என நினைக்கின்றேன்.

2024 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று மூத்த மச்சாள், தகப்பனாரைக் கேளாமலே, கைத்தொலைபேசியில் எடுத்த சிறிய ஒளிப்பதிவொன்றை எனக்கு அனுப்பினாள். ஏழு நிமிடங்கள். முதலில் வாசலில் நனைந்த சப்பாத்துக்கள் நிரை. வெளியே மாமா பனியை வாரி ஒதுக்குகிறார். இளையவள் பின்னால் வந்து ஒரு பனியுருண்டையை அவர் கழுத்துக்குள் போட, அவர் துள்ளிக்கொண்டு திரும்பி அவளைத் துரத்துகிறார். பிறகு உள்ளே. சமையலறையில் பிட்டு அவிகின்றது. சன்னற் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருக்கிறது. அதிற் பிள்ளைகள் விரலால் 'பொங்கல்' என்று எழுதியிருக்கிறார்கள், 'ங்' எழுத்துப் பிழையாக. கறி மணம் ஏறிவிடும் என்று குளிர்ச்சட்டைகளை எல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லி மாமி சத்தமிடுகிறாள். சன்னலோரத்திற் சாடியொன்றில் ஒரு கறிவேப்பிலைச் செடி. ஐப்பசியில் உள்ளே கொண்டுவந்து, வைகாசியில் வெளியே வைப்பார்களாம். வெளியே வெண்மை தவிர வேறு நிறமில்லை. உள்ளே அந்த ஒரு சாடி பச்சை. மாமா வந்து, நனைந்த காலுறைகளைக் களைந்து, வெப்பக்காற்று வரும் தரைத்துவாரத்தின்மேற் பாதங்களை வைத்துக்கொண்டு, இரு கைகளாலும் தேநீர்க் குவளையைப் பிடித்தபடி கண்ணை மூடுகிறார். அவ்வளவுதான்.

அம்மம்மாவுக்கு அதனைக் காட்டினேன். அவர் அதனை நான்கு தடவை பார்த்தார். நான்காம் முறை அழுதார். மகன் நலமாயிருப்பது கண்டு உவகையிலே அழுகிறார் என்றுதான் முதலில் எண்ணினேன். அவர் சொன்னது வேறு. "முப்பத்தஞ்சு வரியமா அவன் அங்க வெறுங்குளிருக்க கிடந்து வாடுறான் எண்டு நினைச்சு நினைச்சுச் சோறு இறங்காமல் இருந்தனே. இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

தீங்கு கலவாத நலனைத் தருமாயிற் பொய்யையும் மெய்யோடு ஒருங்குவைத்து எண்ணலாம் என்பது வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் வழி. ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் இதற்கு நேர்மாறானவர். நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைஞனிடத்துங்கூடப் பொய்யுரைத்தலாகாது என 1797 ஆம் ஆண்டில் எழுதியவர். இவ்விருவருள் வள்ளுவர் இளகியவர் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. நலன் விளைந்தால் மட்டும் போதாது. அந்நலன் களங்கமற்றதாயிருத்தல் வேண்டும். மாமாவின் மறைப்பால் விளைந்த நலன் யாது? அம்மம்மா பொறாமையுறாமலும் ஏக்கமுறாமலும் காக்கப்பட்டார் என்பது. விளைந்த தீங்கு, அவர் முப்பத்தைந்து ஆண்டு இல்லாத ஒரு துயரத்துக்காகத் துயருற்றது. தாயின் உள்ளத்தைப் பற்றி மகன் இட்ட கணக்குத் தொடக்கத்திலேயே பிழைத்துவிட்டது. தாய் தன் மகனின் தேநீரைப் பார்த்துப் பொறாமை கொள்வாள் என்று எண்ணுவதற்கு மனத்தில் எத்துணைக் குற்றவுணர்வு ஏறியிருத்தல் வேண்டும்!

தாலிக்கொடியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. அதை விற்று அவர் வாங்கியது மகனின் உயிரை மாத்திரமன்று. உயிரோடு கூடிய வாழ்வையும்தான். வெப்பக்காற்றின்மேல் வைத்த அந்தப் பாதங்களும், ஆவி படிந்த கண்ணாடியும், கறிவேப்பிலைச் சாடியும் அக்கொடிக்கு ஈடாக வந்த பொருள்கள். விலை கொடுத்தவருக்குப் பொருளைக் காட்டாதிருத்தல் அடக்கமாகுமா? சிங்கரின் வாதம் கொடுக்கக் கடமைப்பட்டவனைப் பற்றியது. கொடுத்து முடித்தவரின் உரிமை பற்றி அதிற் பேச்சில்லை.

இதனால் எல்லா மகிழ்ச்சியையும் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேனல்லேன். எங்கள் ஒழுங்கையிலேயே, 2009 ஆம் ஆண்டு இறுதி யுத்தத்திற் காணாமற் போன மகனை இன்னும் தேடுகின்ற தாயொருவர் இருக்கிறார். 2017 ஆம் ஆண்டு மாசியிலே கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்திற் போராடத் தொடங்கியபோது அங்கும் சென்று இருந்தவர். அவர் படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும் அம்மம்மா தொலைபேசியைச் சேலைத்தலைப்புக்குள் வைத்துவிடுவார். மகனின் ஒளிப்பதிவை அவருக்கு ஒருபோதும் காட்டியதில்லை. செயல் ஒன்றே, மறைத்தல். ஆயினும் அம்மம்மா மறைப்பதும் மாமா மறைத்ததும் ஒன்றெனக் கொள்ள என்னால் இயலவில்லை. அந்தத் தாய்க்கு எம் மாமாவின் தேநீரிற் பங்கில்லை, அம்மம்மாவுக்கு உண்டு. மகிழ்ச்சியில் எவருக்குப் பங்குண்டு என்ற வினாவை முதலிற் கேட்டபின்னரே அதனை எவரிடம் மறைக்கலாம் என்ற வினாவுக்குச் செல்லுதல் முறையென்று தோன்றுகிறது. அயலவரும் ஒருவகையிற் பங்காளர் அல்லரோ என ஒருவர் கேட்பாராயின் அதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லை.

ஞாயிறு காலை அழைப்பு இப்போதும் வருகிறது. "சரியான குளிர் அம்மா" என்றுதான் மாமா இன்றும் தொடங்குவார். பழக்கம் எளிதில் விடுவதில்லை. "அது கிடக்கட்டும், கறிவேப்பிலை துளிர்த்திட்டுதோ?" என்று அம்மம்மா இடைமறிப்பார். பிறகு இருவரும் அச்செடியைப் பற்றியே பத்து நிமிடம் பேசுவார்கள். சென்ற மாதம் அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடக்கையிற் கட்டுப் போட்டிருக்கிறார். காணொளி அழைப்பில் அந்தக் கை தெரியாதவாறு தொலைபேசியைப் பிடிக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.