ஊகித்த திசை

பொய்யான அனுமானத்திலிருந்து மெய்யை அடைய முடியுமா என்னும் பழைய வினாவுக்கு, வேதாந்திகள் அத்தியாரோபம், அபவாதம் என்று, ஏற்றிப் பின் நீக்கும் முறையை விடையாகச் சொன்னார்கள். கரிசல் பூமியான கோவில்பட்டியில் 1984-இல் தோன்றிய நேஷனல் பொறியியல் கல்லூரியைப் போன்ற இடங்களில் மின்னியல் மாணவன் அதையே சாக்பீஸால் செய்து பார்க்கிறான்.

இரண்டு மின்கலங்களும் மூன்று மின்தடைகளும் பின்னிக் கிடக்கும் சுற்றில், எந்தக் கம்பியில் மின்னோட்டம் எப்பக்கம் பாய்கிறதென்று அறியாமலே அம்புக்குறி இட்டு, கிர்க்காஃப் 1845-இல் வகுத்த விதிகளின்படி, சந்தியில் புகுவதும் வெளியேறுவதும் சமம் என்றும், கண்ணியை ஒருமுறை வலம்வந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்றும் சமன்பாடுகளை எழுதிவிடுகிறான். 'மைனஸ் 2 ஆம்பியர்' என்று விடை வந்ததும், பாவம், பதறிப்போய் உள்ளங்கையால் பலகையைத் துடைக்கப் போவான். (நானும் துடைத்தவன்தான்.)

தம்பி, அழிக்காதே. அளவு சரிதான், மின்னோட்டம் உன் அம்புக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது, அவ்வளவே.