ஈந்தவரின் உடல்

1954 டிசம்பர் 23இல் பொஸ்டன் நகரில் ரொனால்ட் ஹெரிக் தம் இரட்டைச் சகோதரருக்குச் சிறுநீரகமொன்றை ஈந்தார். சத்திரசிகிச்சை செய்த ஜோசப் மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். ஈந்தவர் 2010 வரை வாழ்ந்தார். அந்த 56 ஆண்டுகளை எண்ணிப்பார்ப்போர் சிலரே.

எஞ்சிய சிறுநீரகம் பருத்து, முன்னர் இரண்டும் ஆற்றிய பணியில் ஏறத்தாழ 70 வீதத்தைத் தனித்து ஆற்றுகின்றது. ஈந்தோரிற் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆயினும் நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ பற்றிக்கொண்டால் ஈடுகொடுக்க மற்றொன்றில்லை. ஆகவே உப்பைக் குறைக்கவும், உடல் பருக்காது காக்கவும், நோவு மாத்திரைகளைத் தவிர்க்கவும், ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ளவும் மருத்துவர் பணிப்பர். இச்சுமை ஈந்தவர் ஒருவருக்கே உரியதா?

இறக்காமம் போன்ற நெல்விளை ஊரொன்றை எண்ணுக. விருந்திலே பலர் கூடி ஒரே சகனில் உண்பர். அதில் தம் பங்கை அளந்துண்பது எங்ஙனம்? போதுமென்பவர் பக்கம் நெய்ச்சோற்றைத் தள்ளுவதன்றோ அங்கு அன்பு! வயலில் முதுகு நொந்தால் மாத்திரை கைக்கெட்டும். கிளினிக் நாளிலோ கூலி இல்லை. எல்லாம் தனிமனிதரின் மனவுறுதியைப் பொறுத்தது என்போர் இவற்றைக் காண்பதில்லை.

ஈகை கடனாகாது, கைம்மாறு கேட்டால் அது விற்பனை என்பர். உண்மையே. ஈந்தவர் கேட்கலாகாது என்பதனால் பெற்றவர் விடுபட்டவராவாரா? 1988இல் ஜித்தாவிற் கூடிய இஸ்லாமியச் சட்ட அறிஞர் பேரவை, உயிர் தங்கியுள்ள உறுப்பை உயிருள்ளவரிடமிருந்து எடுத்தலாகாதெனத் தீர்மானித்தது. இரண்டில் ஒன்றைக் கொடுத்தவருக்கு எஞ்சியதே அத்தகைய உறுப்பாகிவிடுகின்றது. அது மெல்ல மெல்லச் சிதைவதைச் சுற்றத்தார் பார்த்திருப்பதும் எடுத்தலுக்கு அணித்தானதே. பெற்றவர் வீட்டார், ஈந்தவரின் கிளினிக் நாளில் அவர் வயலுக்கு ஓர் ஆளை அனுப்பலாம். அவர் வரும் விருந்தில் உப்பைக் குறைத்துச் சமைக்கலாம்.