நிலவின் மறுபக்கத்தில் ஒரு கவலை

கவலையில் இருப்பவரிடம் வானத்தைக் காட்டி ஆறுதல் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. "கோடானுகோடி நட்சத்திரம் இருக்கு. அதுல பூமியே ஒரு தூசு. உன் கடன் என்ன பெரிய கடன்?" எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வட்டி என்னவோ குறையவில்லை.

இந்த ஆறுதலுக்கு ஒரு புகைப்படமும் துணைக்கு வரும். 1990 பிப்ரவரி 14 அன்று, சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர் 1 விண்கலம் திரும்பிப் பார்த்து எடுத்த படம். அதில் பூமி, ஒரு வெளிறிய நீலப் புள்ளி. பேரரசர்களும் தளபதிகளும் எதற்காக அத்தனை ரத்தம் சிந்தினார்கள் என்று கேட்க வானியலாளர் கார்ல் சேகன் அந்தப் புள்ளியைக் காட்டினார். அங்கே அது பொருந்துகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லையே என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தாயிடம் அதே படத்தை நீட்டினால்? கொஞ்சம் குரூரம் என்றுதான் சொல்வேன்.

அளவை வைத்து மதிப்பைச் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். விண்வெளியின் பெரும்பகுதி வெறுமை. விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே ஒரு கனமீட்டர் இடத்தில் ஓர் அணு இருந்தால் உண்டு. குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 270 டிகிரி செல்சியஸ். அங்கே யாருக்கும் எதுவும் பொருட்டில்லை. பொருட்படுத்த ஆளில்லை என்பதே காரணம். ஒன்றுமில்லாத இடம் பரந்து கிடக்கிறது என்பதற்காக, இருக்கிற ஒன்று ஏன் சிறுத்துப்போக வேண்டும்?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மைக்கேல் காலின்ஸ் நினைவுக்கு வருவார். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியிருக்க, அவர் மட்டும் கொலம்பியா கலத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் கலம் நிலவுக்குப் பின்னால் போனதும் 48 நிமிடம் ரேடியோ தொடர்பு இருக்காது. மனித குலம் மொத்தமும் பாறைக்கு அந்தப்பக்கம். இந்தப்பக்கம் அவர் ஒருவர். ஆனாலும் தனிமை தன்னை வாட்டவில்லை என்று பின்னாளில் எழுதினார். பல மாதங்களாக அவரை அரித்தது வேறொன்று. கீழே இருக்கும் இருவரும் மேலேறி வர முடியாமல் போய், அவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் வீடு திரும்ப நேர்ந்துவிடுமோ என்ற பயம்.

அண்டத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவருக்கு, இரண்டு பேரைப் பற்றிய கவலை அதே கனத்தோடுதான் இருந்திருக்கிறது.

அங்கேயும் அவருக்குச் சில்லறை வேலைகள் தப்பவில்லை. கலத்தைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலையில் கோளாறு என்று பூமியிலிருந்து செய்தி வந்தது. அதிகம் குளிர்ந்தால் கலத்தின் பாகங்கள் உறைந்துவிடலாம். இன்ன முறைப்படி சரிசெய் என்றார்கள். காலின்ஸ் அந்த வம்புக்கே போகவில்லை. சுவிட்சை மாற்றிப் போட்டார், மறுபடி பழையபடியே வைத்தார், மற்ற வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார். கலம் சுற்றி இந்தப்பக்கம் வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்று தகவல் சொன்னார். நம் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் நாமும் முதலில் அதைத்தானே செய்து பார்க்கிறோம்?